கோபம் ஆள் பார்த்துத்தான் வருகிறது

கேள்வி: எனக்குக் கோபம் அதிகம். வீட்டில் மனைவியிடமும் பிள்ளைகளிடமும் கத்திவிடுவேன். ஆனால் ஐந்து நிமிடத்தில் மறந்துவிடுவேன், மனத்தில் எதையும் வைத்துக்கொள்வதில்லை. கோபம் உள்ள இடத்தில்தான் குணம் இருக்கும் என்பார்களே! அதை உள்ளே அடக்கி வைத்தால் உடம்புக்கும் கெடுதல் அல்லவா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர், தஞ்சாவூர்)

பதில்: ஐந்து நிமிடத்தில் மறந்துவிடுவது நீங்கள்தான், கேட்டவர்கள் மறந்துவிட்டதாக உங்கள் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. அப்பா வாசலில் செருப்பைக் கழற்றும் ஓசையை வைத்தே அவர் இன்று எப்படி வந்திருக்கிறார் என்று கணிக்கப் பழகிய பிள்ளைகள் நம் வீடுகளில் ஏராளம். மதிப்பெண் குறைந்ததையும், பள்ளியில் ஒருவன் அடித்ததையும் சொல்லலாமா, மறைத்துவிடலாமா என்பதை உங்கள் முகத்தைப் பார்த்தே அவர்கள் முடிவு செய்கிறார்கள்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். மேலதிகாரி நாலு பேர் முன்னிலையில் உங்களைக் கடிந்துகொண்ட நாளில், அவரிடம் இதே குரலில் கத்தினீர்களா? பல்லைக் கடித்துக்கொண்டு "சரி சார்" என்று சொல்லிவிட்டுத்தானே வந்திருப்பீர்கள்? அப்படியானால் உங்களுக்குக் கோபத்தை அடக்கத் தெரியும்; வீட்டில் அடக்க வேண்டிய அவசியம் இல்லை என்று எண்ணுகிறீர்கள், அவ்வளவுதான். "செல்லிடத்துக் காப்பான் சினங்காப்பான் அல்லிடத்துக் காக்கின்என் காவாக்கால் என்" என்று வள்ளுவர் வெகுளாமை அதிகாரத்தை இந்த இடத்தில்தான் தொடங்குகிறார். தன் சினம் பலிக்கக்கூடிய எளியவரிடத்தில் அதைத் தடுத்துக்கொள்பவனே சினத்தை அடக்கியவன். பலிக்காத இடத்தில் அடக்கினால் என்ன, அடக்காவிட்டால் என்ன என்பது அவர் கேள்வி.

கோபம் உள்ள இடத்தில் குணம் இருக்கும் என்பது, கோபத்தை வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் தங்களைத் தேற்றிக்கொள்ளச் சொன்ன வார்த்தை என்றே நான் நினைக்கிறேன். உங்கள் மனைவி அதைச் சொன்னால் அது அவருடைய பெருந்தன்மை. நீங்களே சொல்லிக்கொள்ளக் கூடாது.

இனி உடம்பு. கொட்டித் தீர்த்தால் கோபம் தணியும் என்ற நம்பிக்கை வெகுகாலமாக இருக்கிறது. 154 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளைத் திரட்டி ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024-இல் வெளியிட்ட முடிவு அதற்கு நேர்மாறானது: படபடப்பைக் கூட்டும் செயல்கள் கோபத்தைத் தணிப்பதில்லை, மூச்சை நிதானப்படுத்துவது, தியானம், தசைகளைத் தளர்த்துவது போன்று படபடப்பைக் குறைப்பவையே தணிக்கின்றன. அதே ஆண்டு அமெரிக்காவில் ஆரோக்கியமான 280 பேரை வைத்து நடந்த மற்றோர் ஆய்வில், கோபமூட்டிய பழைய நிகழ்ச்சியை எட்டு நிமிடம் நினைத்துப் பார்த்தவர்களுக்கே இரத்தக் குழாய்களின் விரியும் திறன் குறைந்து, அந்தக் குறைவு நாற்பது நிமிடம் வரை நீடித்தது. நீங்கள் ஐந்து நிமிடத்தில் மறந்ததாக நினைப்பதை உங்கள் இரத்தக் குழாய்கள் அவ்வளவு விரைவில் மறப்பதில்லை.

அடக்குவது என்று நான் சொல்வது, வன்மத்தை உள்ளே பூட்டி வைத்துப் புழுங்குவதை அன்று. "இப்போது பேசினால் கத்திவிடுவேன், அரைமணி நேரம் கழித்துப் பேசலாம்" என்று சொல்லிவிட்டு அந்த இடத்தை விட்டு நகருங்கள். சொன்னபடி அரைமணியில் திரும்பி வந்து, குறையைத் தாழ்ந்த குரலில் சொல்லி முடியுங்கள். திரும்பி வராமல் மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பது கத்துவதைவிடக் கொடிய தண்டனை. பசியோடும் அலுப்போடும் வீடு திரும்பும் முதல் அரைமணியில் யாரையும் விசாரிக்காதீர்கள். கை ஓங்கும் பழக்கமும் இருந்தால், தாமதிக்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள்; அரசின் டெலிமானஸ் உதவி எண் 14416-இலும் பேசலாம்.

கடைசியாக, பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேளுங்கள். "நீ அப்படிச் செய்ததால்தான் கத்தினேன்" என்ற பின்குறிப்பு இல்லாமல் கேளுங்கள். அவர்கள் உடனே நம்பிவிட மாட்டார்கள். செருப்போசையைக் கேட்டு அவர்கள் வாசலுக்கு ஓடிவரச் சில மாதங்கள் ஆகலாம். அதுவரை நீங்கள் பொறுத்திருக்க வேண்டும்.