இழை வலுவூட்டிய பிளாஸ்டிக் சூட்டில் தளர்வது ஏன்?

கார்பன் இழை 2000 டிகிரி செல்சியஸையும் தாங்கும் என்றால், அதைக் கொண்டு செய்த பலகை 200 டிகிரியிலேயே தளர்வது ஏன் என்பது கேள்வி.

இத்தகைய பலகை, உறுதியான மெல்லிய இழைகளைப் பிசினில் பதித்து இறுகச் செய்த பொருள். சுமையைத் தாங்குபவை இழைகள்; ஆனால் இழைக்கு இழை சுமையைக் கடத்துவதும், அவை மடங்காமல் பிடித்துக்கொள்வதும் பிசினின் வேலை. பிசினின் நெடிய மூலக்கூறுகள் குளிர்ந்த நிலையில் அசையாமல் உறைந்திருக்கின்றன. குறிப்பிட்ட வெப்பநிலையைக் கடந்ததும் அவை நெளியத் தொடங்குவதால், உருகாமலேயே பிசின் இளகிவிடுகிறது. பீக் எனும் பிசின் ஏறத்தாழ 143 டிகிரியில் இளகத் தொடங்குகிறது. உருகுவதோ 343 டிகிரியில்தான். பாலிஇமைடு வகைகள் சில 300 டிகிரியையும் கடந்து நிற்கின்றன.

மார்த்தாண்டம் பக்கத்தில் இதை விளக்கக் கருப்பட்டியே போதும். கருப்பட்டிப் பாகில் தென்னை நாரைப் பதித்து ஆறவைத்த கட்டியை அடுப்பருகே வைத்தால், நாருக்கு ஒன்றும் ஆகாது. பாகு இளகிக் கட்டி வளைந்துவிடும். இடவப்பாதி மழையில் கருப்பட்டி ஈரம் இழுத்துக் கசிவதுபோல, எப்பாக்சி போன்ற பிசின்களும் காற்றின் ஈரத்தை உறிஞ்சி, இன்னும் குறைந்த வெப்பத்திலேயே இளகுகின்றன. கடலோர ஊர்களில் இதை மறக்கவே கூடாது என்பேன்.

மேலும், சூட்டில் பிசின் விரிய, கார்பன் இழையோ நீளவாக்கில் மிகச் சிறிதளவு சுருங்குகிறது. இந்த இழுபறியால், மாறிமாறிச் சூடாகிக் குளிரும் பலகையில் நுண்விரிசல்கள் தோன்றுகின்றன.

இழையின் தாங்குதிறனே பலகையின் தாங்குதிறன் என்று பலர் தவறாக நினைக்கிறார்கள். அந்த 2000 டிகிரியும் ஆக்சிஜன் இல்லாத சூழலுக்கான எண்தான், திறந்த காற்றில் 500 டிகிரி வாக்கிலேயே கார்பன் இழை மெல்ல எரிந்து கரையத் தொடங்கிவிடும்.