டாக்டர் சொன்ன டோஸ் தப்பு என்று தோன்றினால் நர்ஸ் மறுக்கலாமா?

கேள்வி: டாக்டர் போனில் சொல்லும் டோஸ் தப்பாகப் படுகிறது. நர்ஸ் மறுக்கலாமா? கொடுத்து ஏதாவது ஆகிவிட்டால் யார் மாட்டுவார்கள்?

மறுக்கலாம், சில சமயம் மறுத்தே ஆக வேண்டும். ஏதாவது ஆகிவிட்டால் இரண்டு பேருமே பதில் சொல்ல வேண்டிவரும். சொன்னவர் சொன்னதற்கு, போட்டவர் போட்டதற்கு. "டாக்டர் சொன்னார், செய்தேன்" என்பது விசாரணையில் ஓரளவுக்கு மேல் எடுபடாது. அந்த இடத்தில் விவரம் தெரிந்த வேறொரு நர்ஸ் இருந்திருந்தால் சந்தேகப்பட்டிருப்பாரா என்றுதான் கேட்பார்கள்.

நானும் வார்டில் நர்ஸாக வேலை பார்ப்பவள்தான். படிக்கும்போது இது எல்லோருக்கும் புரியும். ராத்திரி டியூட்டியில் சீனியர் டாக்டர் எரிச்சலோடு பேசும்போதுதான் வாய் வராது.

1966-இல் ஹாஃப்லிங் என்ற அமெரிக்க மனநல மருத்துவரும் அவர் குழுவினரும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். முன்பின் தெரியாத ஒரு 'டாக்டர்' வார்டுக்குப் போன் செய்து, இன்ன மருந்தை 20 மில்லிகிராம் கொடுங்கள், பிறகு வந்து கையெழுத்துப் போடுகிறேன் என்பார். டப்பா லேபிளிலோ அதிகபட்சம் 10 என்று போட்டிருக்கும். அங்கே போன் ஆர்டர் வாங்குவதே விதிக்குப் புறம்பு. இருந்தும் 22 நர்ஸ்களில் 21 பேர் மருந்தோடு நோயாளியிடம் கிளம்பிவிட்டார்கள். நல்லவேளை, அது வெறும் போலி மருந்து. வழியிலேயே நிறுத்தியும் விட்டார்கள்.

இந்த ஆய்வைப் பலரும் நர்ஸ்களைக் கிண்டல் செய்யத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். 1977-இல் நடந்த இன்னொன்றைச் சொல்வதில்லை. அந்தத் தடவை மருந்து நர்ஸ்களுக்கு நன்றாகத் தெரிந்த வேலியம். பக்கத்தில் இருப்பவர்களிடம் கலந்துபேசவும் முடிந்தது. அதிக டோஸைக் கொடுக்கத் தயாரானவர்கள் 18 பேரில் 2 பேர்தான். ஆக, தைரியத்தைவிட மருந்தைத் தெரிந்து வைத்திருப்பதும் கேட்க ஓர் ஆள் இருப்பதும்தான் காப்பாற்றுகிறது என்பது என் கணிப்பு.

சரி, நடைமுறைக்கு வருவோம். எடுத்த எடுப்பில் "தப்பு" என்று சொல்ல வேண்டாம். "சார், இன்சுலின் பத்து யூனிட்டா, நூறு யூனிட்டா? நான் திருப்பிச் சொல்கிறேன், சரியா பாருங்க" என்றால் போதும், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். கேஸ் ஷீட்டில் இருந்தாலும் இதே கதைதான். யூனிட் என்பதற்கு 'U' என்ற ஒற்றை ஆங்கில எழுத்தைக் கிறுக்கினால் அது பூஜ்யம் மாதிரித் தெரிந்து பத்து நூறாகிவிடும். அதனால்தான் முழுச் சொல்லாக எழுதச் சொல்கிறார்கள்.

அதற்கு மேலும் அவர் பிடிவாதம் பிடித்தால்? "அப்போ நீங்களே வந்து போடுங்க சார்" என்று ஒதுங்கிக்கொள்வது நம்மிடையே பழக்கம். எனக்கு அது போதாது என்றுதான் படுகிறது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒரு பையனுக்குக் காலில் போட்ட மாவுக்கட்டு இறுகி, விரல்கள் வீங்கிக் கறுத்துப்போயின. கடைசியில் காலையே எடுக்க வேண்டியதாயிற்று. ரத்த ஓட்டத்தை நர்ஸ்கள் அடிக்கடி பார்த்திருக்க வேண்டும், டாக்டரிடம் சொல்லியும் அவர் கவனிக்காவிட்டால் நிர்வாகத்திடம் போயிருக்க வேண்டும் என்ற வாதத்தை 1965-இல் மாநில உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. மருத்துவமனை நஷ்டஈடு கொடுக்க வேண்டியிருந்தது. எனவே டாக்டர் கேட்கவில்லை என்றால் இன்சார்ஜ் சிஸ்டர், அவருக்கும் மேலே யாரோ அவர். நடுவில் நோயாளியை விட்டுவிட்டுப் போகக்கூடாது. மறுப்பது அந்த மருந்தை மட்டும்தான். பி.பி., பல்ஸ் பார்ப்பதெல்லாம் வழக்கம்போல நடக்க வேண்டும்.

அப்புறம் எழுத்து. எத்தனை மணிக்கு யார் என்ன சொன்னார், நீங்கள் என்ன கேட்டீர்கள், என்ன பதில் வந்தது என்று அப்போதே எழுதுங்கள். "டாக்டர் அலட்சியமாகப் பேசினார்" போன்ற கருத்தெல்லாம் நோட்ஸில் வேண்டாம். முக்கியமாக, பிறகு போய்த் திருத்தாதீர்கள். விட்டுப்போனது இருந்தால் எழுதும் நேரத்தைப் போட்டுத் தனியாகச் சேருங்கள். அடித்துத் திருத்திய பதிவைப் பார்த்தால், சரியாக நடந்துகொண்டவரையும் சந்தேகப்படுவார்கள்.

வேலை போய்விடுமோ என்ற பயம் நியாயமானதுதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் விசாரணை என்று வந்தால் உங்கள் நர்சிங் கவுன்சில் பதிவு எண்ணுக்குப் பதில் சொல்ல அந்த டாக்டர் வரப்போவதில்லை. உங்கள் வார்டில் ராத்திரி டாக்டருக்கு மேலே யாரைக் கூப்பிடுவது என்று எழுதி ஒட்டியிருக்கிறார்களா? இல்லையென்றால் அடுத்த டியூட்டியிலேயே கேட்டு வாங்கி ஒட்டிவிடுங்கள்.