இடுப்பு மூட்டு உரசல்: ஆபரேஷனா, பயிற்சியா?

கேள்வி: எனக்கு வயது 33. உட்கார்ந்தே செய்யும் வேலை. சம்மணம் போட்டாலோ, பைக்கில் காலைத் தூக்கிப் போட்டாலோ இடது தொடை இடுக்கில் சுருக்கென்று வலிக்கிறது. எம்.ஆர்.ஐ.யில் 'கேம் இம்பிஞ்ச்மென்ட், லேப்ரம் கிழிசல்' என்று வந்திருக்கிறது. உடனே ஆபரேஷன் செய்யாவிட்டால் மூட்டு தேய்ந்துவிடும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: 'உடனே' என்ற சொல்லை முதலில் மறந்துவிடுங்கள். கேம் இம்பிஞ்ச்மென்ட் என்றால் இதுதான்: தொடை எலும்பின் உருண்டைத் தலைக்குக் கீழே எலும்பு கொஞ்சம் புடைத்திருக்கிறது. காலை மடக்கி உள்பக்கம் திருப்பினால் அது மூட்டுக் குழியின் விளிம்பில் இடிக்கிறது. விளிம்பைச் சுற்றியுள்ள மெத்தென்ற வளையம்தான் லேப்ரம். வலியே இல்லாதவர்களுக்கு ஸ்கேன் எடுத்தாலும் பலரிடம் இந்தப் புடைப்பும் கிழிசலும் தெரியும். வலி, டாக்டர் காலைத் திருப்பிப் பார்க்கும் பரிசோதனை, படம் மூன்றும் ஒத்துப்போனால்தான் இந்த நோய். உங்களைப் படுக்க வைத்துக் காலைத் திருப்பிப் பார்த்தார்களா, ரிப்போர்ட்டை மட்டும் படித்தார்களா?

இந்தப் புடைப்பு இருந்தால் பிற்காலத்தில் தேய்மானம் வரும் வாய்ப்பு கூடும் என்பது சரி. ஆபரேஷன் அதைத் தடுக்கும் என்று இன்றுவரை யாரும் நிரூபிக்கவில்லை.

அதற்காக ஆபரேஷனே ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். பிரிட்டனில் 348 பேரிடம் ஆபரேஷனையும் பிசியோதெரபிப் பயிற்சியையும் ஒப்பிட்ட ஆய்வு 2018இல் வெளியானது. ஒரு வருடம் கழித்து இரு தரப்புமே தேறியிருந்தது; நுண்துளை ஆபரேஷன் செய்தவர்கள், இடுப்பு எப்படி இருக்கிறது என்று கேட்கும் கேள்வித்தாளில் 100க்குச் சுமார் 7 மதிப்பெண் கூடுதலாகத் தேறியிருந்தார்கள். செலவும் அவர்களுக்குத்தான் அதிகம். ஆகவே மூன்று மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்து பார்ப்பதால் நீங்கள் எதையும் இழக்கப்போவதில்லை.

'ஒழுங்காக' என்பதில்தான் சிக்கல். நம் ஊரில் பிசியோதெரபி என்றால் கரண்ட் மெஷினை ஒட்டிவிட்டு, பக்கத்து பெட்டுக்குப் போய்விடுகிறார்கள். இருபது சிட்டிங் பேக்கேஜ், முன்பணம் கட்டினால் தள்ளுபடி! மெஷின் புடைப்பைக் கரைக்காது. புட்டத் தசையையும் வயிற்றுத் தசையையும் வலுவாக்கும் பயிற்சி வேண்டும். வாராவாரம் அதைக் கூட்ட வேண்டும். வீட்டிலும் செய்ய வேண்டும். தாழ்வான நாற்காலி, சம்மணம், குத்துக்காலிடுவது எல்லாவற்றையும் தற்காலிகமாக நிறுத்துங்கள். முதல் நாளே பேக்கேஜ் பேசும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

இன்ஷூரன்ஸ் கூத்து தனி. பெரும்பாலான பாலிசிகள் ஆபரேஷனுக்குப் பணம் தரும், வெளிநோயாளியாகச் செய்யும் பயிற்சிக்குத் தராது. 'கேஷ்லெஸ் அப்ரூவல் வாங்கித் தருகிறேன், இந்த வாரமே அட்மிட் ஆகுங்கள்' என்று போன் செய்பவர் உங்கள் டாக்டர் அல்ல. அவருக்கு வேண்டியது உங்கள் பாலிசி எண்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். இதே இடத்தில் வலிக்கும் இன்னொரு நோய் ஏ.வி.என்.; ரத்த ஓட்டம் குறைந்து எலும்பின் தலை செத்துப்போவது. ஸ்டீராய்டு மாத்திரை நிறையச் சாப்பிட்டவர்கள், அதிகம் குடிப்பவர்கள் கவனிக்க வேண்டும். தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது, எம்.ஆர்.ஐ.யில்தான் தெரியும். உங்கள் ரிப்போர்ட்டில் அது இல்லை, நிம்மதி. ஆனால் எக்ஸ்ரேயை மட்டும் நம்பி, மாதக்கணக்கில் பயிற்சி செய்துகொண்டிருக்கும் மற்றவர்கள், ராத்திரியில் படுத்தாலும் வலித்தால், எம்.ஆர்.ஐ. எடுக்காமல் இருக்காதீர்கள். எலும்பின் தலை நொறுங்கி உள்வாங்கிய பிறகு வந்தால் மூட்டு மாற்றுவதைத் தவிர வழி அதிகம் இருக்காது.

மூன்று மாதம் கழித்தும் மாடி ஏற, காரில் ஏறி இறங்க முடியவில்லையா? அப்புறம் இடுப்பு ஆர்த்ரோஸ்கோப்பியை, அதாவது அந்த நுண்துளை ஆபரேஷனை, வழக்கமாகச் செய்யும் சர்ஜனைப் பாருங்கள். முழங்காலில் செய்து பழகியவர் போதாது. ரிப்போர்ட்டை மட்டும் கொண்டுபோகாமல் படங்களையும் எடுத்துச் செல்லுங்கள்.