காசை அழிச்சவன் வீட்டுக்கு எப்பப் போறது?

பணத்தைத் திருப்பிக் கட்டிப்போட்டுத்தான் போகோணும்னு இல்லைங்க, இந்த வாரமே பஸ் ஏறுங்க. தோட்டம் வித்து அப்பா குடுத்த காசைத் திருப்பூர்ல அழிச்சுப்போட்டேன், சம்பாதிச்சுக் குடுத்தாத்தான் அப்பா மூஞ்சிலயும் கர்த்தர் மூஞ்சிலயும் முழிக்க முடியும், அண்ணன் வேற பேசறதில்லைன்னு எழுதியிருக்கீங்க.

'கூலிக்காரனா வெச்சுக்கோங்க'ங்கற நெனப்புலயே நீங்க நின்னுட்டீங்கன்னு தோணுது. பைபிள்ல லூக்கா 15ல, அப்பா சொத்தை அழிச்சுப்போட்டு வீட்டுக்குத் திரும்பி வர்ற பையனைப் பத்தி இயேசு சொன்ன கதையை மெதுவாப் படிச்சுப் பாருங்க. 19ஆம் வசனத்துல பையன் யோசிச்சு வெச்ச அந்தக் 'கூலிக்காரன்' பேச்சு, நம்ம தமிழ் பைபிள்ல 21ல வராதுங்க, அதுக்குள்ள அப்பா நல்ல துணி எடுத்தாரச் சொல்லிடறாரு, அதுவும் அவன் தூரத்துல வரப்பவே ஓடிப்போய்க் கட்டிப்புடிச்சவரு (அந்த ஓட்டத்தைப் படிக்கறப்பெல்லாம் எனக்குக் கண்ணு கலங்கிடும்).

ஆனா ஒண்ணு, மன்னிப்பு கெடைச்சா கணக்கு தீந்துச்சுன்னு ஆகாது. அண்ணன் பங்கும் அதுல இருந்துச்சுன்னா, லூக்கா 19:8ல, அநியாயமா வாங்கினதைத் திருப்பித் தர்றேன்னு வரி வசூலிக்கற சகேயு தானா சொன்ன மாதிரி, நீங்களும் முன்வந்து மாசாமாசம் கொஞ்சமாச்சும் குடுங்க.