டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டி ஆடும் கதாபாத்திர விளையாட்டில் முதல் லெவல் விஸார்ட் (மந்திரவாதி) ஏன் ஒரே அடியில் செத்துப்போகிறார்?

2014 விதிப்படி, அடி உங்களை 0-க்கு இறக்கிய பிறகும் மிஞ்சும் சேதம் உங்கள் முழு ஹிட் பாயின்ட் (உயிர்ப் புள்ளி) அளவுக்கு இருந்தால் உடனடி மரணம்தான், டெத் சேவ் (பிழைப்பாரா என்று பார்க்கும் பகடை) உருட்டவே வாய்ப்பில்லை. கான்ஸ்டிடியூஷன் (உடல் உறுதி) 12 உள்ள முதல் லெவல் விஸார்டுக்கு 7 பாயின்ட். ஓர்க் என்ற அரக்கனின் பெரிய கோடரிக்கு 12 பக்கப் பகடை, கூடவே 3. பகடையில் 11 விழுந்தாலே 14 ஆகிவிடும், ஆள் காலி. சேதப் பகடை இரட்டிப்பாகும் கிரிட்டிக்கல்கூடத் தேவையில்லை.

அந்த அளவு மிஞ்சாவிட்டால் மயக்கம்தான். டர்னுக்கு ஒரு டெத் சேவ், மூன்று தோல்வியில் சாவு. பலர் கவனிக்காதது இது: மயங்கிக் கிடப்பவர்மேல் 5 அடி தூரத்துக்குள்ளிருந்து படும் தாக்குதல் கிரிட்டிக்கல், அதாவது ஒரே அடிக்கு 2 தோல்வி. அதனால் மயங்கியவரை எழுப்ப, எதிரியை முடிக்கும்வரை காத்திருக்காதீர்கள். ஹீலிங் வேர்ட் என்ற குணமாக்கும் மந்திரம் 60 அடி தூரத்திலிருந்தே, டர்னில் கூடுதலாகச் செய்யும் போனஸ் ஆக்‌ஷனில் எழுப்பிவிடும்.

ஆட்டத்தை நடத்தும் மாஸ்டர்கள் முதல் லெவலில் ஓர்க்குக்குப் பதில் கோப்ளின் என்ற சிறிய அரக்கனை வைக்கலாம். கிரிட்டிக்கல் விழாவிட்டால் அதன் வாள் அதிகபட்சம் 8 தான்.