புட்டு மாதிரி உதிர்ந்த ஷூ

கார்த்திகை மழை ஓய்ந்ததும் ஒரு கூட்டம் விடியற்காலை நாலரை மணிக்கே ரோட்டில் இறங்கிவிடும். ஜனவரி மாரத்தானுக்குத் தயாராகிறார்களாம். வாங்கிய சாமான்கள் காலை வாரியதும் அதே கூட்டம் எனக்குக் கடிதம் எழுதும். அதனால் இந்த வாரம் மிக்சி, வாஷிங் மெஷின் புகார்களை ஓரம் கட்டிவிட்டேன். ஓடுகிறவர்களுக்கும் சைக்கிள் மிதிக்கிறவர்களுக்கும் மட்டும் பதில். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். ஒருவர் தன் முழங்கால் வரலாற்றை நாலு பக்கத்துக்கு எழுதியிருந்தார், அவர் மன்னிக்கவும்.

கேள்வி: செப்டம்பரில் 5,800 ரூபாய்க்கு ரன்னிங் ஷூ வாங்கினேன். வாரத்துக்கு 25 கிலோமீட்டர்தான் ஓடுவேன். மூன்றாவது மாதமே அடிப்பாகம் புட்டு மாதிரி உதிர்ந்துவிட்டது. கடைக்காரர், "ஓடினா தேயத்தான் சார் செய்யும்" என்கிறார். பில்லில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று அச்சடித்திருக்கிறது. — எம்.எஸ்., தாம்பரம்

பதில்: தேய்வது வேறு, உதிர்வது வேறு. உங்கள் கணக்குப்படி அந்த ஷூ ஓடியது 300 கிலோமீட்டர்தான். சாதாரணப் பயிற்சி ஷூ 500 முதல் 800 கிலோமீட்டர் வரை தாங்கும் என்பது ஓடுகிறவர்கள் வைத்திருக்கும் பொதுக் கணக்கு. அதுவும் தேய்ந்து மெலியும், இப்படிப் பொடியாகாது.

முதலில் அட்டைப் பெட்டியைத் தேடுங்கள். அதில் ஒட்டியிருக்கும் லேபிளில் விலைக்குக் கீழே, தயாரித்த மாதமும் வருடமும் சின்ன எழுத்தில் இருக்கும். மூன்று நாலு வருடத்துக்கு முந்தைய தேதி இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். பாலியூரித்தேன் என்ற பொருளில் செய்த அடிப்பாகம் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கி, உள்ளுக்குள்ளேயே மெல்ல மெல்லச் சிதையும். போட்டு நடக்க வேண்டும் என்பதே இல்லை, பெட்டியில் சும்மா இருந்தாலும் ஆகும். சென்னை மாதிரிக் கடலோர ஊர்க் குடோனில் கேட்கவே வேண்டாம். வெளியே புதுசு, உள்ளே கிழவன்.

இது எனக்கும் நடந்தது. பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று ஒரு மலையேற்ற ஷூ வாங்கி, பீரோ மேலே நாலு வருடம் வைத்திருந்தேன். கொல்லிமலையில் ஆகாய கங்கை அருவிக்கு இறங்கும் படிக்கட்டில்தான் முதன்முதலாகப் போட்டேன். ஆயிரத்துச் சொச்சம் படி. பாதி வழியில் இடது காலின் அடிப்பாகம் தனியாகக் கழன்று இரண்டு படி கீழே போய் உட்கார்ந்தது. மேலே ஏறி வந்தபோது பூக்கடை அம்மா ஒருவர் சிரித்துக்கொண்டே வாழை நாரால் கட்டிவிட்டார். வலது காலையும் கட்டச் சொல்லியிருக்கலாம், அது பஸ் ஏறும்போது போனது. தேதி பார்க்காமல் வாங்கியது என் தப்பு. உங்களுடையது அப்படியில்லை. கடையில் புதுசு என்று சொல்லி விற்றதை நம்பி வாங்கியிருக்கிறீர்கள்.

பில்லில் இருக்கும் அந்த வரிக்குப் பயப்பட வேண்டாம். நிறம் பிடிக்கவில்லை, மனசு மாறிவிட்டது என்று திருப்பிக் கொண்டுபோனால் கடைக்காரர் அதைக் காட்டலாம். பொருளே குறைபாடுள்ளது என்றால் அந்த வரி அவரைக் காப்பாற்றாது. உதிர்ந்த ஷூ, பெட்டி லேபிள், பில் மூன்றையும் போட்டோ எடுத்துக் கடைக்கும் தயாரிப்பு நிறுவனத்துக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். 15 நாள் கெடு கொடுங்கள். பதில் இல்லையா, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை. இரண்டு வருடம் வரை அவகாசம் இருக்கிறது. ஆனால் ஷூவைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். வீட்டில் யாராவது போட்டுவிடுவார்கள், ஒளித்து வையுங்கள்.

கேள்வி: என் வாரம் இப்படி: செவ்வாய் இன்டர்வெல் (விட்டுவிட்டு வேகமாக ஓடுவது), புதன் 6 கி.மீ. ஈஸி, வியாழன் டெம்போ (விடாமல் ஒரே வேகத்தில் ஓடுவது), சனி ஈ.சி.ஆரில் 60 கி.மீ. சைக்கிள், ஞாயிறு 16 கி.மீ. லாங் ரன். ஒவ்வொன்றுக்கும் தனி ஷூ வேண்டும் என்கிறார்கள் குரூப்பில். இரண்டு ஜோடி ஆன்லைனில் வாங்கிவிட்டேன், இரண்டுமே விரலைக் கடிக்கிறது. இப்போது அடிப்பாகத்துக்குள் கார்பன் தகடு வைத்த 'கார்பன் பிளேட்' ஷூ தள்ளுபடியில் 19,000-க்கு வருகிறது. வாங்கலாமா? (10 கி.மீ.க்கு எனக்கு 70 நிமிடம் ஆகும்.) — வி.ஜி., வேளச்சேரி

பதில்: வேண்டாம்.

இரண்டு ஜோடி கடித்த பிறகு மூன்றாவதைப் பற்றிக் கேட்கிறீர்களே, முதல் ஜோடி கடித்ததும் ஏன் திருப்பி அனுப்பவில்லை? ஆபீஸ் ஷூவின் நம்பரையே போட்டு ஆர்டர் செய்திருப்பீர்கள். ஓடும்போது கால் வீங்கும். சாயங்காலம், ஓடப் போடும் அதே சாக்ஸுடன் கடைக்குப் போங்கள். நின்றபடி பார்த்தால் கால் பெருவிரலுக்கு முன்னால் கைக் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்க வேண்டும். கடைக்குள்ளேயே நாலு தடவை ஓடிப் பாருங்கள். வெட்கமாக இருந்தால் 19,000 ரூபாயை நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வாரத்துக்கு இரண்டு ஜோடி போதும். அதுவும் வேகத்துக்கு ஒன்று, தூரத்துக்கு ஒன்று என்பதற்காக அல்ல. நம் ஊர் வியர்வையில் நனைந்த ஷூ ஒரே நாளில் காயாது, அதற்காகத்தான் மாற்றிப் போட இன்னொன்று. கார்பன் பிளேட்டைப் பொறுத்தவரை, 2019 அக்டோபரில் வியன்னாவில் கென்யாவின் மாரத்தான் வீரர் கிப்சோகே 42 கிலோமீட்டரையும் 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் ஓடி முடித்தது அந்த வகை ஷூவில்தான். ஓடியது அவர் கால். அந்த ஷூவின் அடியிலுள்ள மென்மையான ஃபோம் சாதாரண ஷூவைவிடச் சீக்கிரம் அமுங்கியும் போகும். செவ்வாய்க்கிழமைப் பயிற்சிக்கெல்லாம் போட்டால் போட்டி நாளன்று உங்களிடம் இருப்பது விலை உயர்ந்த பழைய ஷூ.

கேள்வி: காலை இறுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஷன் சாக்ஸ் போட்டால் வேகம் கூடுமா? — ஒரு வாசகர், ஈரோடு

பதில்: விலை கூடும்.

கேள்வி: இரண்டு வருடமாக ஞாயிறு 18 கி.மீ. ஓட்டத்துக்குப் பிறகு ஓ.ஆர்.எஸ். என்று பெயர் போட்ட 200 மில்லி டெட்ரா பாக்கெட் இரண்டு குடிப்பேன். மெடிக்கல் ஷாப்பில்தான் வாங்கினேன். இப்போது அந்தப் பெயரையே காணோம், அதே டப்பாவில் வேறு பெயர். இத்தனை நாள் நான் குடித்தது என்ன? ஏமாந்துவிட்டேனா? — எஸ்.பி., மதுரை

பதில்: ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள், அம்மா. நீங்கள் மட்டுமல்ல. இதில் எனக்குப் பழைய கோபம் ஒன்று உண்டு, அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

ஓ.ஆர்.எஸ். என்பது ஜூஸின் பெயரல்ல, வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசல் மருந்தின் பெயர். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு கிராம் சுத்தமாக இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு சாதாரண உப்பு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5, சிட்ரேட் 2.9, குளுக்கோஸ் 13.5. மொத்தம் 20.5 கிராம். குளுக்கோஸ் அதில் ருசிக்காக இல்லை. குடலில் உப்பும் தண்ணீரும் உள்ளே போகக் கதவு திறப்பது அதுதான். அளவாக இருந்தால் கதவு திறக்கும். சர்க்கரை பல மடங்கு ஏறினால் குடல் உடம்பிலிருந்தே தண்ணீரை இழுக்கும், வயிற்றுப்போக்கில் கிடக்கும் குழந்தைக்கு இன்னும் போகும்.

நீங்கள் வாங்கிய மாதிரி டப்பாக்களில் இருந்தது அந்தப் பல மடங்கு சர்க்கரைதான். பெயரில் மட்டும் கொட்டை எழுத்தில் அந்த மூன்று எழுத்து. 'இது உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கலவை அல்ல' என்று ஒரு மூலையில் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுதிவிட்டால் போதும் என்று 2022-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையமே அனுமதி கொடுத்திருந்தது. ஹைதராபாத்தைச் சேர்ந்த குழந்தைகள் மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் எட்டு வருடம் இதை எதிர்த்துப் போராடினார். 2025 அக்டோபரில்தான் ஆணையம் அந்த அனுமதியைத் திரும்பப் பெற்றது. பெயருக்கு முன்னாலோ பின்னாலோ ஏதாவது ஒட்டிக்கொண்டும் அந்தச் சொல்லைப் போடக்கூடாது என்றது. உங்கள் டப்பா பெயர் மாறிய கதை இதுதான்.

என் பையனுக்கு நாலு வயதில் வயிற்றுப்போக்கு. ராத்திரி ஒன்பதரைக்கு ஓடிப்போய் ஓ.ஆர்.எஸ். கேட்டேன். கடைப் பையன் ஆப்பிள் படம் போட்ட டப்பாவை எடுத்துக் கொடுத்தான். படித்தவன், இதே பத்தியை எழுதுகிறவன், திருப்பிப் பார்க்காமல் ஸ்ட்ரா குத்திக் கொடுத்தேன். பையன் விரும்பிக் குடித்தான். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். உண்மையான ஓ.ஆர்.எஸ்.ஸை எந்தக் குழந்தையும் விரும்பிக் குடிக்காது, கண்ணீர் ருசி அது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 18 கிலோமீட்டர் ஓடியவருக்கு 400 மில்லி இனிப்புத் தண்ணீரால் பெரிய கேடு எதுவும் வந்திருக்காது, ஓடிய உடம்புக்குச் சர்க்கரை தேவைதான். ஆனால் அதை ஜூஸ் என்று சொல்லி விற்றிருக்க வேண்டும். அப்படிச் சொன்னால் நீங்கள் ஒரு இளநீரோடு நிறுத்தியிருப்பீர்கள். உப்பு வேண்டுமென்றால் மெடிக்கல் ஷாப்பில் பவுடர் பாக்கெட்டாகக் கேளுங்கள், கலவையில் மேலே சொன்ன கிராம் கணக்கு இருக்கிறதா பாருங்கள். ஒரு லிட்டர் பாக்கெட் என்றால் முழுசையும் ஒரு லிட்டரில் கொட்டுங்கள். அரை பாட்டிலில் முழுப் பாக்கெட் போடுகிற ஓட்டக்காரர்களை நானே பார்த்திருக்கிறேன். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொட வேண்டாம். மற்ற ஞாயிறுகளில் உப்புப் போட்ட நீர்மோரும் ஒரு வாழைப்பழமும் தாராளம்.

கேள்வி: பழைய ரோட் பைக் ஒன்று 38,000-க்கு வருகிறது. புதுசு ஒரு லட்சம். பில் இல்லை. பெடல் அச்சுக்கு அடியில் ஃப்ரேம் நம்பர் இருக்கிற இடத்தைச் சுரண்டியிருக்கிறது. பரவாயில்லையா? — டி.ஆர்., கோவை

பதில்: 'பரவாயில்லை' என்று அந்த சைக்கிளின் உண்மையான சொந்தக்காரர் சொன்னால் வாங்குங்கள்.

கேள்வி: துபாயிலிருந்து மச்சான் வாங்கி வந்த ஜி.பி.எஸ். வாட்ச் ஐந்து மாதத்தில் செத்துவிட்டது. இங்குள்ள சர்வீஸ் சென்டரில் வாரண்டி கிடையாது என்கிறார்கள். அக்கிரமம் இல்லையா? — கே.ஏ., திருச்சி

பதில்: அக்கிரமம் இல்லை. பல கம்பெனிகளின் வாரண்டி வாங்கிய நாட்டுக்கு மட்டும்தான். அது பெட்டிக்குள் இருந்த காகிதத்திலேயே எழுதியிருக்கும், நீங்கள் பிரித்திருக்க மாட்டீர்கள். மச்சான் அடுத்த லீவுக்கு வரும்போது பில்லோடு வாட்சையும் கொடுத்தனுப்புங்கள். அதுவரை நாடித் துடிப்பை எண்ணாமலே ஓடுங்கள். பக்கத்தில் ஓடுகிறவரோடு இரண்டு வாக்கியம் மூச்சு வாங்காமல் பேச முடிந்தால் அதுதான் ஈஸி ரன்.

கேள்வி: அரை மாரத்தானுக்கு 1,600 ரூபாய் கட்டினேன். நாள் நெருங்கும்போது தேதியை ஒரு மாதம் தள்ளிவிட்டார்கள். அன்று என் தங்கை கல்யாணம். பணம் கேட்டால் 'நோ ரீஃபண்ட்' என்று விதிமுறையைக் காட்டுகிறார்கள். போதாததற்கு 200 ரூபாய் நன்கொடையும் பிடித்திருக்கிறார்கள். நான் டிக் செய்யவே இல்லை. — ஜெ.எம்., சேலம்

பதில்: உங்களுக்குக் காய்ச்சல் வந்து நீங்கள் ஓடப் போகாமல் இருந்திருந்தால் பணம் போனதுதான், வாதாட மாட்டேன். இங்கே சொன்ன தேதியில் நடத்தாதது அவர்கள். காசு வாங்கிய சேவையைச் சொன்னபடி தராதது சேவைக் குறைபாடு, அதை நீங்கள் டிக் செய்த விதிமுறை அப்படியே துடைத்துவிடாது. டி-ஷர்ட் கொடுத்துவிட்டோம் என்பார்கள். அதன் விலையைக் கழித்துக்கொண்டு மீதியைக் கேளுங்கள்.

அந்த 200 ரூபாய் இன்னும் தெளிவான கேஸ். கேட்காமல் கூடையில் ஒன்றைச் சேர்த்துவிடுவது, நன்கொடையாகவே இருந்தாலும், மத்திய அரசு 2023 நவம்பர் 30-இல் அறிவித்த 13 வகை இணையத் தந்திரங்களில் ஒன்று. தடை செய்யப்பட்டது. 1915-க்குப் புகார் செய்யும்போது இதைத் தனியாகக் குறிப்பிடுங்கள். அப்புறம், தங்கை கல்யாணத்துக்கு வாழ்த்துகள்.

கேள்வி: சைக்கிளில் மாமல்லபுரம் வரை போய் வருகிறேன். வழியில் எந்தப் பெட்ரோல் பங்க் காற்றும் என் டியூபில் ஏறவில்லை. சைக்கிளைத் திருப்பிக் கொடுக்கலாமா? — பி.எல்., அடையாறு

பதில்: சைக்கிளில் பழுதில்லை. மெல்லிசாக, நுனியில் திருகு வைத்திருக்கிறதே, அது பிரெஸ்டா வால்வு. பங்கில் இருப்பது கார், பைக் வால்வுக்கான வாய். சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு பித்தளை அடாப்டர் சைக்கிள் கடையில் கிடைக்கும், டீ வடை செலவுதான். இது தெரியாமல் நான் அழகான கைப்பம்பு ஒன்று வாங்கிக்கொண்டு போய், கோவளத்தில் பஞ்சராகி நின்றபோதுதான் பம்பின் வாயும் பொருந்தாது என்று கண்டுபிடித்தேன். மீன் வண்டியில் வீடு வந்து சேர்ந்தேன். இரண்டு நாள் பூனைகள் பின்னாலேயே வந்தன.

கேள்வி: காலை நாலரைக்கு ஓடுகிறேன். பளபள மஞ்சள் பனியன் 350 ரூபாய்க்கு வாங்கிப் போட்டும், போன வாரம் ஒரு கார் உரசிக்கொண்டு போனது. டிரைவர் "தெரியவே இல்லை சார்" என்கிறார். — என்.டி., திருவள்ளூர்

பதில்: டிரைவர் பொய் சொல்லவில்லை. அந்த மஞ்சள் வெயிலில்தான் பளிச்சென்று எரியும், இருட்டில் வெறும் சாம்பல். ராத்திரிக்கு வேண்டியது ஹெட்லைட் வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்பும் பட்டை. இன்று இரவே விளக்கை அணைத்து, பனியனைக் கொடியில் போட்டு, பத்தடி தள்ளி நின்று போன் ஃபிளாஷில் ஒரு படம் எடுங்கள். நல்ல பட்டை படத்தில் வெள்ளையாக, கண் கூசுகிற மாதிரி விழும். உங்களுடையதில் ஒன்றும் விழவில்லை என்றால் நீங்கள் வாங்கியது சாயம் போட்ட துணி. பட்டை இருப்பதாகப் பாக்கெட்டில் எழுதியிருந்தால் அந்தப் படத்தோடு கடைக்குப் போய்ப் பணத்தைக் கேளுங்கள்.

புதுசு வாங்க ஸ்போர்ட்ஸ் கடைக்குப் போகவேண்டாம். ரோடு வேலை செய்கிறவர்கள் போடும் பட்டை வைத்த கோட்டு பாரிமுனைப் பக்கம் பாதுகாப்புச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். அழகாக இருக்காது. கடையிலேயே ஒரு ஃபிளாஷ் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள், பில்லோடு.