வழுக்கும் இணைப்பும் மாமாவின் வெல்டிங்கும்

அன்புள்ள அண்ணா,

நான் பலமநேர்க்காரன். மைனிங் டிப்ளமோ இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சுரங்கப் பாதைகளில் நிறுத்தும் இரும்பு வளைவுகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். அதில் ஒரு படம். வளைவின் இணைப்பு ஒரு சாண் வழுக்கி இறங்கியிருந்தது. நீங்களோ "நன்றாக வேலை செய்திருக்கிறது" என்று எழுதியிருந்தீர்கள். படத்தை மாமாவிடம் காட்டினேன். முப்பது வருடமாக ஷெட் கட்டுகிறவர். "ஜாயிண்ட் நகர்ந்தா அது என்ன சப்போர்ட்டு? நாலு இடத்துல வெல்டிங் வெச்சா அசையுமா?" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இறங்கிக் கொடுக்கிற ஒன்று எப்படித் தாங்கும்? அடுத்த மாதம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் பயிற்சிக்குப் போகிறேன், அதனால் கேட்கிறேன்.

— வாசகர், பலமநேர்

அன்புள்ள தம்பி,

மாமா சொன்னது ஷெட்டுக்கு முழுக்கச் சரி. கூரையின் எடை என்ன, காற்று எவ்வளவு தள்ளும் என்பதெல்லாம் அவருக்கு முன்கூட்டியே தெரியும். தூணை இரண்டு மடங்கு கனமாக வைத்தாலும் தகரத்தின் எடை கூடாது. பூமிக்கு அடியில் கதை வேறு. நகர்ந்து வரும் பாறைக்கு முன்னால் தாங்கி எவ்வளவு விறைப்பாக நிற்கிறதோ, அவ்வளவு சுமையை அது தன் தலையில் வாங்கிக்கொள்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கன மீட்டர் பாறை ஏறத்தாழ 2.7 டன். 1000 மீட்டர் ஆழத்தில் ஒரு சதுர மீட்டருக்கு மேலே இருப்பது 2,700 டன். நெருக்கமாக நிறுத்திய இரும்பு வளைவுகள் தரக்கூடிய எதிர்ப்போ சதுர மீட்டருக்குச் சில பத்து டன்தான். அப்படியானால் மலையை யார் தாங்குகிறார்கள்? பாறையேதான். பாதையை வெட்டியதும் அங்கே இருந்த அழுத்தம் சுற்றியுள்ள பாறை வழியாக வேறு வழி தேடிக்கொள்கிறது. அப்படிச் சுற்றிப் போய் நிலைகொள்ள, பாறை கொஞ்சம் உள்ளே நகர்ந்தாக வேண்டும். அந்த நகர்வை ஒரேயடியாகத் தடுக்க நினைத்தால் இரும்பு முறுக்கிக்கொள்ளும். கண்டபடி விட்டுவிட்டால் பாறை நொறுங்கித் தளர்ந்து, செத்த எடையாக மேலே விழும்.

நம் பக்கத்தில் வீட்டை ஒட்டிய புளியமரத்தில் பெரிய கிளை வெட்டினால் எப்படி இறக்குவார்கள்? கிளையில் கட்டிய கயிற்றை அடிமரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, இழுத்துப் பிடித்தபடியே கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கவிடுவார்கள். அசையாமல் பிடித்தால் கயிறு அறும். கையை எடுத்தால் ஓடு உடையும். சுரங்கத்தில் இந்த வழுக்கும் வளைவு செய்கிற வேலையும் அதுதான்.

1932இல் ஜெர்மனியில் தூசாங், ஹைன்ட்ஸ்மன் என்ற இருவர் நிலக்கரிச் சுரங்கங்களுக்காக இதைக் கொண்டுவந்தார்கள். இருவர் பெயரின் ஆங்கில முதல் எழுத்துகளான T, H-ஐ வைத்து இன்றும் அதை டி.எச். வளைவு என்கிறார்கள். இரும்பின் வெட்டு முகம் ஒரு தொட்டி போல இருக்கும். நாட்டு ஓடு ஒன்றுக்குள் ஒன்று உட்காருகிற மாதிரி, மேல் துண்டும் கால் துண்டும் ஒன்றரை அடி அளவுக்கு ஒன்றுக்குள் ஒன்று படியும். அந்த இடத்தில் கிளாம்ப் போட்டு போல்ட்டை முடுக்குவார்கள். சுமை ஓர் அளவைத் தாண்டினால்தான் உராய்வை மீறி வழுக்கும். வழுக்கியபின் மறுபடி பிடித்து நிற்கும். சில நேரம் 'டம்' என்ற சத்தத்தோடு வழுக்கும். முதல்முறை கேட்டால் பயம் வரும்.

என் அப்பா கோலார் தங்கவயலில் டிம்பர் வேலை, அதாவது சுரங்கக் கூரைக்கு முட்டு மரம் நிறுத்தும் வேலை பார்த்தவர். எங்கள் ஊர் குப்பத்துக்கும் பிசாநத்தத்துக்கும் நடுவே. முட்டு மரத்துக்கும் கூரைக்கும் நடுவே எப்போதும் ஒரு மெல்லிய மரத்துண்டைச் செருகுவோம் என்று சொல்வார். பாறை இறங்கும்போது முதலில் அது நசுங்கும். "அது நசுங்கினா கட்டை பொழைக்கும், கட்டை பொழைச்சா நாம பொழைப்போம்." அவருக்கு ஜெர்மனியையும் தெரியாது, டி.எச்.சையும் தெரியாது. ஆனால் இடம் கொடுத்துத் தாங்குவது என்றால் என்னவென்று அவர் கைக்குத் தெரியும். அந்த வேலை பார்த்தவர்களை இன்றும் வெறும் கூலிகள் என்று எழுதுகிறார்கள். படிக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது.

இதே வளைவை நிலக்கரிக்கு வெளியேயும் காணலாம். சுவிட்சர்லாந்தின் 57 கிலோமீட்டர் கோட்ஹார்ட் ரயில் குகையில், செட்ரூன் பகுதியில் பாறை பிழிந்துகொண்டு வந்தது. அங்கே பாதையைத் தேவைக்கு மேல் அகலமாக வெட்டி, சில இடங்களில் 70 சென்டிமீட்டர் வரை பாறைக்கு இடம் விட்டு, வழுக்கும் வளைவுகளை வட்டமாக நிறுத்தினார்கள். 2016இல் அந்த வழியாக ரயில் ஓடத் தொடங்கியது.

சரி, மாமாவின் வெல்டிங்குக்கு வருகிறேன். இணைப்பை வெல்டிங் செய்தால் அன்றைக்கு அசையாதுதான். சுமை ஏற ஏற வளைவின் தோளோ காலோ மடங்கும், மடங்கிய வளைவு எதையும் தாங்காது. போல்ட்டைத் தளர விடுவதும் அதே அளவு ஆபத்து. அப்போது வளைவு எதிர்ப்பே தராமல் சரிந்துகொண்டே போகும். 400 நியூட்டன் மீட்டர் முறுக்கு என்று சொல்லியிருந்தால், ஒரு மீட்டர் ஸ்பானரின் நுனியில் 40 கிலோவைத் தொங்கவிட்ட அளவு இறுக்கம் வேண்டும். கைக்கு இறுகிவிட்டது போல இருந்தால் போதாது, முறுக்கின் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்க்க வேண்டும். வழுக்கியபின் இன்னொரு முறை பார்க்க வேண்டும்.

அதைவிடப் பெரிய விஷயம் வளைவுக்குப் பின்னால் இருக்கிறது. அங்கே நிரப்பாமல் பொந்து விட்டால் பாறை ஒரே இடத்தில் குத்தும். வளைவு கோணிக்கொள்ளும், இணைப்பு சிக்கி வழுக்காமலே போகும். எவ்வளவு நல்ல இரும்பாக இருந்தாலும் பின்னால் பொந்து இருந்தால் பயனில்லை. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத வேலை என்பதால் அவசரத்தில் முதலில் விட்டுப்போவதும் இதுதான்.

இது எல்லா இடத்துக்கும் மருந்து அல்ல. தங்கவயலில் கெட்டிப்பாறை. 3 கிலோமீட்டருக்கு மேல் ஆழம். பாறை கண் இமைக்கும் நேரத்தில் வெடித்துத் தெறிக்கும். பழைய ஆட்கள் அதை ஏர்பிளாஸ்ட் என்பார்கள். அங்கே கருங்கல்லை அடுக்கித்தான் வெட்டிய இடங்களைத் தாங்கினார்கள். வழுக்கும் வளைவு மெதுவாக நெருக்கி வரும் பாறைக்கானது. நம் நாட்டு நிலக்கரிச் சுரங்கங்களிலும் கூரையைப் பெரும்பாலும் ரூஃப் போல்ட்தான், அதாவது கூரைப் பாறையில் துளை போட்டு இறுக்கும் இரும்புக் கம்பிதான் பிடிக்கிறது. பாறை உடைந்து கிடக்கும் இடங்களில்தான் நீங்கள் வளைவுகளைத் தேட வேண்டும்.

பார்த்தால் ஒன்று செய்யுங்கள். அங்கிருக்கும் ஓவர்மேனிடம் (சுரங்க மேற்பார்வையாளரிடம்) கேட்டுக்கொண்டு, இரண்டு துண்டும் சேரும் இடத்தில் வெள்ளைப் பெயிண்டால் குறுக்கே ஒரு கோடு போடுங்கள். மறுநாள் கோடு இரண்டாகப் பிரிந்திருந்தால் எத்தனை மில்லிமீட்டர் என்று நோட்டில் எழுதுங்கள். ஒரு நாளில் புதிதாக வழுக்கும் அளவு நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தால் பாறை அடங்குகிறது. கூடிக்கொண்டே போனால் மறுநாள் வரை காத்திருக்காமல் உடனே ஓவர்மேனிடம் சொல்லுங்கள். பயிற்சி முடிந்து வந்ததும் அந்த நோட்டை மாமாவிடம் காட்டுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்